வாசல்ல மாட்டுன பலகை

முதல்லயே ஒத்துக்கிடுறேன். நான் வாத்தியாரா வேலைக்குப் போன முதல் வருசம், அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள இருந்த இருபத்திரண்டு பேர்ல படிக்கத் தெரியாத ஆளு ஒரே ஒருத்தன்தான். அது நான். மிச்சம் இருபத்தொரு பேரும் அஞ்சு வயசுலேர்ந்து ஏழு வயசுக்குள்ள உள்ள பிள்ளைக. நான் காட்டுனதை எல்லாம் அந்தப் பிள்ளைக பிசகில்லாம படிச்சுச்சுக. நான்தான் ரெண்டு மாசமா எதிர்ல நின்னு "தப்பு, தப்பு"ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்தேன்.

நாடு சுதந்திரமாகிப் பத்துப் பன்னிரண்டு வருசம் ஆயிருக்கும். எனக்கு இருபத்தொரு வயசு. ஊரு உத்தரகோசமங்கைக்குப் பக்கம். மிளகாத் தோட்டம், கண்மாய்க் கரை, கருவக்காடு, இதுதான் எனக்குத் தெரிஞ்ச உலகம். தண்ணின்னா கண்மாயில அசையாமக் கிடக்குறதுதான். வேலை போட்டு வந்த ஆர்டர்ல இருந்த ஊரு பாம்பன் பாலத்துக்கு அங்கிட்டு, ராமேஸ்வரம் தீவுல ஒரு மீன்பிடி ஊரு. ரயிலை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் மணல்ல நடக்கணும். ஊரே வேதக்காரவுக. மாதா கோயிலை ஒட்டுன மாதிரி ஒரு ஓலைக் கொட்டகை. இடுப்பளவுக்குச் சுவரு, அதுக்கு மேல மூங்கில் கழி, வாசலு கடலைப் பார்த்து. அதுதான் பள்ளிக்கூடம். வாத்தியாரு நான் ஒருத்தன்.

நான் சும்மா போகல. ஒரு முறையோட போனேன். (இந்த 'முறை'ங்கிற வார்த்தையைக் கேட்டாலே இப்பவும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.) ட்ரெயினிங் ஸ்கூல்ல எங்க சாரு ஒருத்தரு மின்னட்டைன்னு ஒண்ணு சொல்லிக் கொடுத்திருந்தாரு. அட்டையில ஒரே ஒரு சொல்லைப் பெருசா எழுதணும். மின்னல் மாதிரி ஒரு தடவை காட்டணும், உடனே மறைச்சிரணும். பிள்ளை எழுத்துக் கூட்டக் கூடாது. பார்த்ததும் சொல்லிரணும்.

"ஒரு ஆளு எதிர்ல வந்தா கண்ணு, மூக்கு, காதுன்னா கூட்டிப் பார்க்குறீங்க? இன்னாருன்னு டக்குனு தெரியுதில்ல? அது மாதிரி சொல்லும் ஒரு மூஞ்சிதான்யா. பிள்ளைக்கு மூஞ்சியைப் பழக்குங்க" அப்படின்னாரு.

இதைக் கேட்டு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்க ஊருக்குத் திரும்புனதும் அய்யாகிட்ட அரை மணி நேரம் விளக்குனேன். அவரு மிளகாயைக் காயப் போட்டுக்கிட்டே, "எல்லாஞ் சரி, அடிக்காம சொல்லிக் கொடுப்பியா?"ன்னு கேட்டாரு. அவரு கேட்டது ஒண்ணுதான் அந்த வருசம் எனக்குக் கிடைச்ச உருப்படியான யோசனை.

அட்டை செஞ்சு கொண்டு போனேன். நாப்பது அட்டை. முதல் நாளே கடல் காத்து பத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு. மிச்சம் முப்பதும் உப்பு ஈரத்துல ஊறி, ஒரு வாரத்துல அப்பளம் மாதிரி சுருண்டு போச்சு. பிள்ளைக்கு எதிர்ல 'அம்மா'ன்னு காட்டுனா 'அம்' மட்டும் தெரியுது, 'மா' பின்னால திரும்பிப் பார்த்துக்கிட்டு இருக்கு.

இந்த நேரத்துலதான் எனக்கு அறிவு வேலை செஞ்சுச்சு. (வேலை செஞ்சிருக்க வேண்டாம்.)

மாதா கோயிலுக்குப் பின்னால ஒரு சாமான் அறை. சப்பரம், ஒடிஞ்ச பெஞ்சு, மெழுகுவத்தித் தண்டு எல்லாம் அதுல கிடக்கும். பள்ளிக்கூட மணியும் அங்கதான் இருக்கும்னு ஒரு சாவி என்கிட்ட இருந்துச்சு. கோயிலைப் பார்த்துக்கிடுற உபதேசியாரு, மக பிரசவத்துக்குன்னு தூத்துக்குடி போயிருந்தாரு. பூசை வைக்கிற சாமியாரு எப்பவாவதுதான் வருவாரு. ஒரு நாள் மணியைத் தேடுறப்ப, மூலையில பழைய பாய்மரத் துணியில சுத்தி ஒரு கட்டு. பிரிச்சுப் பார்த்தா, பலகை. பதினேழு பலகை!

ஒவ்வொண்ணும் ஒரு முழ நீளம் இருக்கும். ஒண்ணு துடுப்புல அறுத்த மாதிரி, ஒண்ணு வள்ளத்து விளிம்புல பேத்த மாதிரி, ஒண்ணு ஓரத்துல கடிச்ச மாதிரி. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. ஆனா ஒவ்வொண்ணுக்கும் மேல ஓட்டை போட்டு, மாட்டுறதுக்குக் கயிறு கட்டி, ரொம்பப் பத்திரமா வச்சிருந்துச்சு. எனக்கு முந்தி இருந்த எவனோ ஒரு வாத்தியாரு அட்டைக்குப் பதிலா செஞ்சு வச்சுட்டு, பெயிண்ட் அடிக்கத் துப்பில்லாமப் போயிட்டான்னு நினைச்சு, அந்த முகம் தெரியாத ஆளை நினைச்சு ஒரு சிரிப்பு வேற சிரிச்சேன்.

பாம்பன் போயி வள்ளத்துக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட்டும் கறுப்பும் வாங்கியாந்து, ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து, கண்ணாடித் துண்டால பலகையைச் சுரண்டுனேன். உப்புல வெளுத்துப் போன ஏதோ கறை இருந்துச்சு. ஒரு பலகையில சுரண்டுறப்ப 'ஞா'ன்னு ஒரு எழுத்து தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒரு நிமிசம் கை நின்னுச்சு. நின்ன கையை, "ஞாயிறுன்னு எழுதியிருப்பான் போல"ன்னு நானே சமாதானம் சொல்லித் திரும்ப ஓட்டுனேன். முன்னும் பின்னும் வெள்ளை அடிச்சு, முன்பக்கம் கறுப்புல கொட்டை எழுத்து: மீன், வலை, மரம், மாடு, பால், கல், போ, வா. இப்படிப் பதினேழு. அழகா இருந்துச்சு. அந்த ஓரம் கடிச்ச பலகையில 'வா'ன்னு எழுதி, பிள்ளைகளை வரவேற்கட்டும்னு வாசல்ல, கடலைப் பார்த்து மாட்டுனேன். மத்ததை மூங்கில் கழியில வரிசையா மாட்டுனேன்.

திங்கக்கிழமை காலையில பிள்ளைக வந்துச்சுக. வாசல்ல வந்ததும் பேச்சு நின்னுருச்சு. சத்தம் போட்டு மணலை வாரி இறைச்சுக்கிட்டு வார பிள்ளைக, அன்னைக்கு ஒண்ணு பின்னால ஒண்ணா, கையைக் கட்டிக்கிட்டு, நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டு உள்ள வந்து உக்காந்துச்சுக. எனக்குப் பெருமை தாங்கல. முறைன்னா இதுதான்யா முறை!

'மீன்' பலகையை எடுத்து மின்னல் மாதிரி காட்டி மறைச்சேன். "இது என்ன?"

முன் வரிசையில ஒரு பய, வாய் அசையாத மாதிரி மெதுவாச் சொன்னான்: "ஞானப்பிரகாசம்."

"என்னது?"

"ஞானப்பிரகாசம் சார்."

'வலை'யைக் காட்டுனேன். "சந்தியாகு" அப்படின்னுச்சுக. 'மரம்' காட்டுனேன். "மிக்கேல்." எல்லாம் ஒரே குரல்ல, காத்துல கரையுற மாதிரி.

"ஏலே, தூங்குறீகளா? சத்தமாச் சொல்லுங்க!"

நான் அதட்ட அதட்ட அதுக குரலு இன்னும் சுருங்குச்சு. ஒண்ணு ரெண்டு பிள்ளைக தோளுக்கு மேல திரும்பிக் கடலைப் பார்த்துக்கிச்சுக. எதுக்குப் பார்க்குதுகன்னு நானும் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. பட்டப்பகல். வெள்ளை வெயில்ல கண்ணு கூசுற மணலு. ஆனா முதுகுல யாரோ நிக்கிற மாதிரி எனக்கு ஒரு இது.

வாசல் பலகையை மட்டும் ஜெபமாலைன்னு ஒரு பிள்ளை தினமும் எடுத்துத் தரச் சொல்லும். ஆறு வயசு. ரெட்டைச் சடை, முன்பல்லு ரெண்டும் இல்ல. ரெண்டு கையாலயும் வாங்கி மடியில வச்சுக்கிடும்.

"இதுல என்ன எழுதியிருக்கு தாயி?"

"எங்க அய்யா."

"எங்க அய்யா இல்ல. 'வா'. சொல்லு, வா."

"எங்க அய்யாதான் சார்" அப்படிங்கும், அந்தப் பல்லில்லாத வாயால சிரிச்சுக்கிட்டு. மத்த பிள்ளைக திருத்தும்: "சிலுவைதாசன் சார்." எனக்குக் கோவம் தலைக்கு ஏறும். ஒரே ஒரு எழுத்து, ஒரு சொல்லு! இதைக் கூடப் படிக்க முடியாத பிள்ளைகளை வச்சு என்ன செய்யிறது?

கழியில தொங்குன பலகையெல்லாம் காத்தடிச்சா ஒண்ணோட ஒண்ணு மோதும். மொத்தமாத் தட்டாது. ஒண்ணு தட்டி நின்னதும் அடுத்தது தட்டும். டொக். டொக். டொக். ஆஜர் எடுக்குற மாதிரி. நான் ஆஜர் பட்டியலைத் திறந்து இருபத்தொரு பேரைக் கூப்பிட்டு முடிச்ச அப்புறமும் அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருக்கும்.

இதுக்கிடையில ஒரு பலகைக்குக் கீழ தினமும் ஒரு பீடித் துண்டு கிடந்துச்சு.

"யாருலே பீடி குடிக்கிறது?"

ஒரு பய எந்திரிச்சான். "நான் குடிக்கல சார். அவுகளுக்கு வச்சேன்."

"எவுகளுக்கு?"

அவன் பலகையைக் காட்டுனான். பலகையில 'மாடு'ன்னு எழுதியிருந்துச்சு.

"ஏலே, மாடு பீடி குடிக்குமாலே?"

மொத்தப் பள்ளிக்கூடமும் என்னைப் பார்த்துச்சு. ஏதோ நான்தான் அசிங்கமாப் பேசிட்ட மாதிரி.

எல்லாத்தையும் விட என்னைக் குலைச்சது அந்தக் காலடித் தடம். காலையில நான் வந்து பார்க்குறப்ப, கடல்லேர்ந்து நேரா பள்ளிக்கூட வாசலுக்கு ஈரத் தடம் வந்திருக்கும். வெறுங்காலு. வாசல்ல, 'வா' பலகைக்கு நேர் எதிர்ல, ஒரு ஆளு ரொம்ப நேரம் நின்ன மாதிரி மணலு அமுங்கிக் குழிஞ்சிருக்கும். வந்த தடம் இருக்கு. கடலுக்குத் திரும்பிப் போன தடம் இல்ல. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, தினமும்! நான் அறிவியல் படிச்சவன், இதுக்கெல்லாம் பயப்படுற ஆளு இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, பிள்ளைக நாலஞ்சு பேரு உள்ள போன அப்புறமா பள்ளிக்கூடத்துக்கு வார பழக்கத்தை ஏற்படுத்திக்கிட்டேன். 'மாணவர் சுயமாகக் கற்கும் நேரம்'னு அதுக்கு டைரியில பேரும் எழுதி வச்சேன்.

அக்டோபர் கடைசியில இன்ஸ்பெக்டர் வந்தாரு. என் வேலை நிலைக்கிறதும் போறதும் அவரு எழுதுற அறிக்கையில இருந்துச்சு. தொப்பி, கண்ணாடி, கையில குடை, மணல்ல நடந்த களைப்பு. பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துச்சு.

"பேஷ்! மரத்துலயே செஞ்சிருக்கீங்க. காட்டுங்க பார்ப்போம்."

நான் 'மீன்' காட்டுனேன். இன்ஸ்பெக்டர் முன்னால தைரியம் வந்துச்சோ என்னமோ, பிள்ளைக முதல் தடவையா முழுச் சத்தத்துல சொல்லுச்சுக: "ஞானப்பிரகாசம்!"

'மாடு' காட்டுனேன். "அந்தோணிமுத்து!"

'பால்.' "வியாகுலம்!"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "என்னய்யா இது?"

"பிள்ளைகளுக்கு இன்னும் முறை பிடிபடல சார்."

"தப்புன்னா ஆளுக்கு ஒண்ணாச் சொல்லணும். இருபத்தொரு பிள்ளையும் ஒரே தப்பை எப்படிய்யா ஒரே மாதிரி சொல்லுது?"

நியாயமான கேள்வி. ரெண்டு மாசமா எனக்குத் தோணாத கேள்வி. நான், "கூட்டு முயற்சி சார்" அப்படின்னேன்.

அவரே கழியில இருந்த 'மரம்' பலகையை எடுத்து, எழுத்து மேல உள்ளங்கையை வச்சு மறைச்சுக் காட்டுனாரு. "மிக்கேல்!" இன்னொண்ணை எடுத்தாரு. பின்பக்கத்தைத் திருப்பி, எழுத்தே இல்லாத வெறும் வெள்ளையைக் காட்டுனாரு.

"சந்தியாகு!"

இன்னொண்ணு. வெறும் வெள்ளை.

"ஞானப்பிரகாசம்!"

கழியில இருந்த மிச்சப் பலகை காத்துல டொக், டொக்குன்னு தட்டுச்சு. இன்ஸ்பெக்டர் மெதுவா நாற்காலியில உக்காந்து தண்ணி கேட்டாரு. குடிச்சு முடிச்சு எந்திரிச்சு, என் முகத்தைப் பார்க்காம, "இதை மேலதிகாரிகிட்ட காட்டணும்" அப்படின்னு வாசல்ல மாட்டியிருந்த 'வா' பலகையைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, வந்ததை விட ரெண்டு மடங்கு வேகமா மணல்ல நடந்தாரு.

மறுநாளுலேர்ந்து ஜெபமாலை பள்ளிக்கூடத்துக்கு வரல.

மூணாம் நாள், உச்சி வெயில்ல, பிள்ளைக சோத்துக்குப் போன நேரம், நான் தனியா உக்காந்திருக்கேன். வாசல்ல வெளிச்சம் மறைஞ்சுச்சு. ஒரு பொம்பள நிக்கிறாக. முப்பது வயசு இருக்கும். முழங்கால் வரைக்கும் சேலை நனைஞ்சிருக்கு, காலெல்லாம் ஈர மணலு. உள்ள வரல. வாசல்ல வெறும் ஆணியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாக.

"வாத்தியாரே, எங்க வீட்டு ஆளை எங்கன கொண்டு போனீக?"

"யாரைம்மா?"

"இங்கன மாட்டி வச்சிருந்தீகளே, அவுகளைத்தான்."

இருபத்தொரு வருசத்துல எனக்கு அப்படி ஒரு குளிரு அடிச்சதில்ல.

அவுக ஜெபமாலையோட ஆத்தா, திரேசம்மா. பதட்டமில்லாம, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொன்னாக. கடலுக்குப் போயி உடம்பு கரைக்கு வராதவுகளுக்கு அந்த ஊர்ல குழி கிடையாது. அவுக போன வள்ளத்துலயோ துடுப்புலயோ மிஞ்சுன துண்டுல ஒரு பலகை செஞ்சு பேரு எழுதுவாக. அதுதான் கல்லறை. வருசத்துக்கு ஒரு நாளு, கல்லறைத் திருநாளுக்கு, கல்லறைத் தோட்டத்துல கயிறு கட்டி எல்லாப் பலகையையும் மாட்டி, கீழ மெழுகுவத்தி ஏத்துவாக. சாமியாரு வந்து பலகையைப் பார்த்துப் பேரு வாசிப்பாரு. அன்னைக்கு மட்டும்தான் அந்தப் பேருகளைச் சத்தமாச் சொல்லலாம். மத்த நாளுல சொன்னா, கடல்ல போனவுக தங்களைக் கூப்பிட்டாகன்னு நினைச்சுருவாகளாம்.

(நான் அதுகளை "சத்தமாச் சொல்லுங்கலே"ன்னு தினமும் ரெண்டு மணி நேரம் அதட்டியிருக்கேன்.)

"நீங்க மாட்டுனப்ப, சாமியாரு சொல்லித்தான் செய்யிறீகன்னு நினைச்சோம். பிள்ளைகளுக்குப் பேரு பழக்குறாகன்னு ஊர்ல பேசிக்கிட்டாக. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. வருசத்துக்கு ஒரு நாளு பார்க்குற ஆளைத் தினமும் பார்க்கலாமில்ல? விடியக் கரைவலை இழுத்துட்டு நேரா இங்கன வந்து நின்னுட்டு, கோயில் கல்லுப்படி வழியா வீட்டுக்குப் போயிருவேன்."

ஈரத் தடம்! கல்லுப்படியில தடம் விழாது. என் அறிவியல் படிப்பு தலையைத் தொங்கப் போட்டுக்கிச்சு.

"எம் மக வயித்துல இருக்கையில போனவுக. அவளுக்கு அய்யான்னா அந்தப் பலகைதான். அந்த ஓரத்துல சுறா கடிச்ச தழும்பை வச்சுத்தான் அடையாளம் சொல்லுவா. மூணு நாளா சோறு திங்கல. திருநாளுக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு. பலகை இல்லாட்டிப் பேரு வாசிக்க மாட்டாக." அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே, "பேரு இருக்குல்ல வாத்தியாரே? பெயிண்ட் அடிச்சீகளே, பேரு அப்படியே இருக்குல்ல?"

அவுகளுக்குப் படிக்கத் தெரியாது. நான், "இருக்கும்மா" அப்படின்னேன்.

மறுநாள் காலையில ரயில் ஏறி ராம்நாட் போனேன். இன்ஸ்பெக்டர் ஆபீசுல இன்ஸ்பெக்டர் இல்ல, தொண்டிப் பக்கம் கேம்ப் போயிட்டாரு. பியூன் மட்டும் இருந்தாரு. பெரிய மீசை. ஆபீசு பூரா கண்ணால துழாவுனேன். பலகை மூலையில இருந்த தண்ணிப்பானைக்கு மேல, மூடியா, ஒரு டம்ளரைச் சுமந்துக்கிட்டு இருந்துச்சு. 'வா'ங்கிற என் கையெழுத்து மேல தண்ணி சொட்டிக் கிடந்துச்சு.

"அண்ணே, அந்தப் பலகை எங்க பள்ளிக்கூடத்துது. வேணும்ணே."

"அய்யா வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எழுதிக் கொடுத்துட்டுப் போ, அவரு வரட்டும்." அப்புறம் அவராவே, "என்ன மரம் தம்பி அது? அதை மூடுன நாளுலேர்ந்து தண்ணி கரிக்குது. கிளார்க்கு அய்யாகிட்ட சொன்னா, ராம்நாட் தண்ணி என்னைக்குடா இனிச்சுச்சுன்னு திட்டுறாரு."

சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. "அண்ணே, அது கடல்ல போன ஒருத்தரோட கல்லறைண்ணே."

பியூன் கையில இருந்த டம்ளரைப் பார்த்தாரு. பானையைப் பார்த்தாரு. மீசை ரெண்டு பக்கமும் இறங்கிருச்சு. வெளிய ஓடி வேப்பமரத்தடியில வாயைக் கொப்பளிச்சாரு, கொப்பளிச்சாரு, அப்படிக் கொப்பளிச்சாரு. உள்ள வராமலே ஜன்னல் வழியாக் கத்துனாரு: "எழுதவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். தூக்கிட்டுப் போயிரு. அந்தப் பானையையும் தூக்கிட்டுப் போ!"

திரும்பி வாரப்ப ரயில்ல பலகையை மடியில வச்சிருந்தேன். எதிர்ல இருந்தவரு, "என்ன தம்பி பலகை?"ன்னு கேட்டாரு. நான் ஏதோ நினைப்புல, "ஒருத்தரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" அப்படின்னுட்டேன். அவரு அடுத்த ஸ்டேசன் வரைக்கும் கூடக் காத்திருக்கல. எந்திரிச்சு வேற பெட்டி தேடுனாரு.

பாலத்துல ரயில் மெல்ல ஊர ஆரம்பிச்சுச்சு. ரெண்டு பக்கமும் கடலு. மழை இறங்கப் போற மாதிரி கறுத்துக் கிடக்கு. அலை கீழ தூணுல மோதி மோதி மேல எட்டிப் பார்க்குது. என் மடியில கொட்டை எழுத்துல 'வா'. ஜன்னலைப் பார்த்து. நான் யாருக்கு இதைக் காட்டிக்கிட்டு இருக்கேன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. ரெண்டு மாசமா, வாசல்ல, கடலைப் பார்த்து! பலகையைச் சட்டுனு கவுத்து, ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டு, கண்ணை மூடி, எங்க குலசாமி மங்களநாதரையும் கூப்பிட்டு, அவுக மாதாவையும் கூப்பிட்டுக்கிட்டு பாலம் கடந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துல கடைசித் தடவையா மின்னட்டைப் பாடம் நடந்துச்சு. பதினேழு பலகைக்கும் எழுத்துத் தெரியாம வெள்ளை அடிச்சு வச்சிருந்தேன். ஊருல யாருகிட்டயும் எழுதுன கணக்கு எதுவும் இல்ல, உபதேசியாரு ஊர்ல இல்ல. எந்தப் பலகை யாருன்னு தெரிஞ்சு, நான் கேக்கத் துணிஞ்ச ஆளுக அந்த இருபத்தொரு பேருதான். வெறும் பலகையை ஒவ்வொண்ணாக் காட்டுனேன். மின்னல் மாதிரி இல்ல, மெதுவா.

"இது யாரு?"

"மிக்கேல்."

நான் எழுதுனேன்.

"இது?"

"அந்தோணிமுத்து. பீடி குடிப்பாக."

எழுதுனேன். ஒரு பிள்ளை கூடத் தடுமாறல. ட்ரெயினிங் சாரு இருந்திருந்தா கண்ணுல தண்ணி விட்டிருப்பாரு. கடைசிப் பலகையை எடுத்தேன். அன்னைக்குக் காலையிலதான் வந்த ஜெபமாலை முன் வரிசையில இருந்துச்சு.

"இது யாரு தாயி?"

"எங்க அய்யா."

"சரி" அப்படின்னு சொல்லி, 'சிலுவைதாசன்'னு எழுதிக் காட்டுனேன். அது விரலால எழுத்தைத் தொடாம, காத்துலயே வரைஞ்சு பார்த்துச்சு.

திருநாளன்னைக்குச் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துல கயித்துல பதினேழும் ஆடுச்சு. சாமியாரு ஒவ்வொரு பேரா வாசிச்சாரு. பேரு விழ விழ அந்தந்த வீட்டு மெழுகுவத்தி எரிஞ்சுச்சு. "சிலுவைதாசன்"னு வாசிச்சப்ப ஜெபமாலை யாரும் கேக்காமலே "ஆஜர்!" அப்படின்னுச்சு. சாமியாரு தலையை நிமிர்த்திப் பிள்ளையைப் பார்த்தாரு. எனக்கு மட்டும் அது எங்கேர்ந்து பழகுச்சுன்னு தெரியும். முடிஞ்சதும் சாமியாரு, "இந்த வருசம் எழுத்து ரொம்பத் தெளிவா இருக்கு, யாரு எழுதுனது?"ன்னு கேட்டாரு. நான் ஒரு பூவரச மரத்துக்குப் பின்னால நின்னேன்.

ஊருக்குத் தெரியாம இருக்குமா? அந்தோணிமுத்துவோட தம்பி என் தோளைப் பிடிச்சு வெளிய இழுத்தாரு. அடிதான்னு நினைச்சேன். "எங்க அண்ணன் உசுரோட இருந்த வரைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனதில்ல வாத்தியாரே. உங்க புண்ணியத்துல ரெண்டு மாசம் வந்திருக்கான். ஆனா அவனைப் போயி மாடுன்னு எழுதியிருக்கீக பாருங்க..." அப்படின்னு ஆரம்பிச்சு, சொல்லி முடிக்க முடியாமச் சிரிச்சாரு. சிரிப்பா அழுகையான்னு எனக்குத் தெரியல.

இன்ஸ்பெக்டர் அறிக்கையில, 'பிள்ளைகள் எழுதாததையும் வாசிக்கிறார்கள், ஆசிரியர் கவனிக்கவும்'னு எழுதி, என்னை நிரந்தரமாக்குறதை ஒரு வருசம் தள்ளி வச்சாரு. எங்க வீட்டுல இன்னைக்கும் நான் டப்பாவுல 'உப்பு', 'சீனி'ன்னு எழுதி ஒட்டுனா, என் வீட்டுக்காரி திறக்குறதுக்கு முன்னால மூடியில தட்டி, "உள்ள யாரு?"ன்னு கேட்டுட்டுத்தான் திறப்பா. பேரப்பிள்ளைகளும் இப்ப பழகிருச்சுக.

அதெல்லாம் நான் தாங்கிக்கிட்டேன். தாங்க முடியாதது ஒண்ணுதான்.

அன்னைக்குக் கல்லறைத் தோட்டத்துலேர்ந்து ஜனம் கலையுறப்ப, திரேசம்மா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு எதிர்ல வந்து நின்னாக.

"பேரு இருக்குன்னு பொய் சொன்னீக. எம் மக அன்னைக்கே சொல்லிட்டா, பேரு இல்ல, வேற என்னமோ எழுதியிருக்குன்னு. அது போகுது, இப்ப எழுதிட்டீகல்ல. ரெண்டு மாசமா எங்க வீட்டு ஆளு மேல என்னதான் எழுதி வாசல்ல மாட்டியிருந்தீக?"

இன்னொரு பொய் சொல்ல வாய் வரல. "'வா'ன்னு எழுதியிருந்தேம்மா."

அவுக திரும்பிக் கடலை ஒரு பார்வை பார்த்தாக. அப்புறம் என்னைப் பார்த்தாக.

"ஏழு வருசமா நானும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நான் கூப்பிட்டே வராதவுக, நீங்க எழுதி மாட்டுனா வந்துருவாகளாக்கும்?"